குட்டி ரயில் கம்பெனிக்கு ஒரு முதலாளி

ராஜபாளையம்
23.2.2025

அன்புள்ள ஆவுடையம்மாளுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஓர் எழுத்து பூசணிக்காய்போலவும் அடுத்தது கடுகுபோலவும் வருகிறது. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். என் எழுத்துக்குத்தான் கோடு தெரியவில்லை. 'ழ' போடும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. இந்தக் கடிதத்துக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று.

நான் இங்கே சுகம். நீயும் மகள் ஜெயசித்ராவும் மருமகனும் அங்கே சுகமா? என் முழங்கால் படிக்கட்டைக் கண்டால் மட்டும் முனகுகிறது. சோறு தினமும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

எழுபது வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. மாலை வகுப்பு எடுக்கும் குருவம்மாள் டீச்சர், "யாருக்காவது லெட்டர் எழுதுங்க அண்ணாச்சி, அப்பத்தான் கை திருந்தும்" என்றார். யாருக்கு எழுத? எனக்கு வெளியூரில் இருக்கிற ஆள் நீ ஒருத்திதான். அரை மணி நேர பஸ் தூரம்தான். ஆனால் போனை நீ எடுப்பதில்லை.

ஜெயசித்ரா புதுவீட்டுப் பால் காய்ச்சுக்கு நான் வரவில்லை என்று கோபித்து அங்கேயே தங்கிவிட்டாய். அன்றுதான் கம்பெனியில் ஜெர்மனிக்குப் போகிற பெட்டி கட்டினார்கள். ஒவ்வொரு குட்டி எஞ்சினையும் மேசைத் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்த்து, விசில் ஊதி, பச்சைக் கொடி காட்டி அனுப்புகிறவன் நான். ஓட்டிப் பார்க்காமல் எப்படி அனுப்புவது?

"அந்தக் கம்பெனிய விட்டாத்தான் நான் வீட்டுக்கு வருவேன்" என்றாய். விட்டுவிடுகிறேன். ஒரு சின்னச் சிக்கல்தான். பெரிய முதலாளி சங்கரலிங்கம் ஐயாவுக்கு நெஞ்சு வலி வந்து, கம்பெனிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆர்டர் குறைந்து கம்பெனியே தள்ளாடுகிற நேரம். முதலாளி நாற்காலி காலி. நான் யாரிடம் சொல்லிக்கொண்டு விலகுவது? புது முதலாளி வந்து உட்கார்ந்ததும் கொடியை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுநாளே உன் முன்னால் நிற்பேன்.

உன் வீட்டுக்காரன்
ஐயாதுரை
(கைநாட்டு இல்லை, பார்த்தாயா?)


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.3.2025

ஜெயசித்ரா அப்பாவுக்கு ஆவுடையம்மாள் எழுதுவது.

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். முழங்கால் தைலம் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நீல மூடி டப்பாவில் உப்பு, சிவப்பு மூடியில் சீனி. சோறு ஒவ்வொரு மாதிரி வருவது அதனால்தான்.

எழுத்து மோசமில்லை. விஷயம்தான் மோசம். அன்று பால் பொங்கும்போது சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் "அவிய எங்க, அவிய எங்க" என்று கேட்டார்கள். "ரயிலுக்குக் கொடி காட்டப் போயிருக்காவ" என்றேன். "ரயில்வேயிலயா உத்தியோகம்? சொல்லவே இல்லையே!" என்று சம்பந்தியம்மா வாயைப் பிளந்தார். அந்த ரயிலை இட்லிக் கொப்பரைக்குள் வைத்து மூடலாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

புது முதலாளி வந்ததும் விலகுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்பேச்சாக இருந்தால் காற்றோடு போகும். இது தாளில் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வெயில் ஏறிவிட்டது, தொப்பி போட்டுக்கொண்டு போங்கள்.

ஆவுடையம்மாள்


ராஜபாளையம்
30.3.2025

அன்புள்ள ஆவுடையம்மாளுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. உப்பும் சீனியும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டன. முந்தாநாள் பேருந்து நிலையத்தில் 'தளவாய்புரம்' என்ற பலகையை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் கேட்ட பிறகுதான், எனக்குத் தளவாய்புரத்தில் ஒரு வேலையும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

நல்ல செய்தி. நாற்காலிக்கு ஆள் வந்தாயிற்று. பெரிய முதலாளி மகன் பிரேம்குமார், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். வந்த அன்றே, "என்னை முதலாளின்னு கூப்பிடாதீங்க, பிரேம்னு கூப்பிடுங்க" என்றார். வாய் வருமா? அதனால் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நின்று இருமுகிறோம். கம்பெனிக்கே காசநோய் வந்ததுபோல் இருக்கிறது.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். "நேத்து ரயில் ஓட்டினேன். இன்னைக்கும் ரயில் ஓட்டுவேன்" என்றேன் நான். பெயின்ட் அடிக்கிற சமுத்திரம், "நேத்து அடிச்ச பெயின்ட் காயல. அதனால இன்னைக்குச் சும்மா இருப்பேன்" என்றான். பிரேம் அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரே ஒரு வருத்தம். புது எஞ்சின் வெளியே போகும் முன்னால் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்குவது பெரிய முதலாளி காலத்து வழக்கம். லாரிக்குச் செய்கிற மாதிரிதான். ஆனால் நம் எஞ்சின் எலுமிச்சம்பழத்தைவிடக் குள்ளம். ஆகவே நம் கொல்லை மரத்திலிருந்து சுண்டைக்காய் அளவுப் பிஞ்சாகப் பறித்துக்கொண்டு போவேன். எஞ்சின் அதை முட்டித் தள்ளிக்கொண்டே போகும். நசுங்கியதாக வைத்துக்கொள்வோம். "கரண்டு ஓடுற தண்டவாளத்துல பழம் கிழம் வைக்கக் கூடாது" என்று பிரேம் நிறுத்திவிட்டார்.

அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து பெரிய வியாபாரி ஒருவர் பார்க்க வருகிறார். அவர் ஆர்டர் கொடுத்தால் கம்பெனி பிழைக்கும். அது முடிந்ததும் கொடியைக் கொடுத்துவிடுகிறேன்.

ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.4.2025

ஜெயசித்ரா அப்பாவுக்கு,

நலம். அவர் உட்கார்ந்துவிட்டாரா இல்லையா? உட்கார்ந்த ஆளின் கையில் ஒரு முழத் துணியைக் கொடுக்க எதற்குப் பெங்களூர்க்காரர்? சரி, அவர் வந்து போகும்வரை பொறுக்கிறேன். அதற்கு மேல் இல்லை.

மருமகனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து விட்டிருக்கிறேன். உங்களுக்கென்று போட்டதல்ல. இங்கே ஜாடி காலியாக வேண்டியிருந்தது.

ஆவுடையம்மாள்


ராஜபாளையம்
27.4.2025

அன்புள்ள ஆவுடையம்மாளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் சரியில்லை. ஊறுகாய் இருப்பதால் சாப்பாடு இறங்குகிறது.

பெங்களூர் வியாபாரி வந்தார். அன்று பார்த்து எஞ்சின் முரண்டு பிடித்தது. ஒரு சாண் போகும், நிற்கும். மறுபடி தட்டினால் அரைச் சாண். பிரேம் வியர்த்துப்போய், "சார், ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, அந்த எலுமிச்சம்பழம் எங்க?"

"நீங்கதான வேண்டாம்னு சொன்னீய?"

"இப்பச் சொல்லுதேன், வைங்க! சீக்கிரம்!"

சித்திரை மாதம். மரத்தில் பிஞ்சு இல்லை, பழுத்த பழம்தான். யாரோ ஒருவர் அதை இரண்டாக வெட்டித் தண்டவாளத்தில் கவிழ்த்து வைத்து, எஞ்சினைக் கையால் அழுத்தி ஏற்றி இறக்கினார். சாறு முழுவதும் தண்டவாளத்தில். துடைக்க நேரமில்லை. வியாபாரி உள்ளே வந்துவிட்டார்.

விசில் ஊதிக் கொடி காட்டினேன். எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது. என்ன சத்தம்! சக்கரம் சுற்றுகிறது, சுற்றுகிறது, வழுக்குகிறது, ரயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வியாபாரி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்வளவு வேகமா நிக்கிற ரயில நான் பார்த்ததே இல்ல" என்றார். டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பிரேமும் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டிவிட்டார். பஸ் ஏறும்போது அவர் முகத்தில் பரீட்சை முடிந்த பையனின் களை.

ஆகவே நாற்காலி மறுபடியும் காலி. கொடியைக் கொடுக்க ஒரு கை இல்லை. நீ புரிந்துகொள்வாய்.

ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.5.2025

ஜெயசித்ரா அப்பாவுக்கு,

'யாரோ ஒருவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த யாரோ ஒருவர் நம் கொல்லைக்கு வந்து, நம் மரத்தில் பழம் பறித்து, நம் வீட்டு அருவாமனையில் வெட்டினாரா? அவருக்கும் முழங்கால் வலி உண்டா?

வந்த முதலாளியை ஒரு பழத்தைக் கொண்டே ஊருக்கு அனுப்பிவிட்டீர்கள். நாற்காலி காலியாக இருக்கும்வரை கொடி உங்கள் கையில். எனக்கு விளங்காது என்று நினைத்தீர்களா? அந்த மேசையை விட்டு வர உங்களுக்கு மனம் இல்லை. அதை நேராகவாவது எழுதியிருக்கலாம்.

இனி எனக்குக் கடிதம் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவுடையம்மாள்


ராஜபாளையம்
22.6.2025

அன்புள்ள ஆவுடையம்மாளுக்கு,

வேண்டாம் என்ற பிறகும் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இது மூன்றாவது. எழுத்து இன்னும் மோசம். நீ சுகமாக இருக்க வேண்டும். அது எப்போதும்போலத்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பழத்தைப் பிரேம் நன்றாக வர வேண்டும் என்றுதான் வைத்தேன். இப்போது பெரிய முதலாளி, ஆடி முடிந்ததும் கம்பெனியைப் பூட்டிவிடலாம் என்று சொல்கிறார். பூட்டினால் உன் நிபந்தனை தானாக நிறைவேறும். அந்தச் செய்தியை உனக்குச் சந்தோஷமாக எழுத உட்கார்ந்தேன். சந்தோஷமாக வரவில்லை.

அதற்குள் நேற்று பாண்டிதுரை வந்தான். அதுதான், வரப்புத் தகராறு கேஸுக்கு வாய்தா வாய்தாவாக அங்கே கோர்ட்டுக்கு வருகிறானே, அவன்.

"அண்ணாச்சி, மைனியக் கோர்ட்டு வாசல்ல பார்த்தேன். ஒரு வக்கீலம்மாகூட நின்னு கைய நீட்டி நீட்டிப் பேசிக்கிட்டு இருந்தாவ. போன வாய்தாவுக்கும் பார்த்தேன்."

"என்ன பேசினா?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா 'எம் வீட்டுக்காரரு'ன்னு மட்டும் காதுல விழுந்துச்சு."

ஆவுடை, இந்த வயதில் விவாகரத்தா? ஜட்ஜ் என்ன நினைப்பார்? பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொள். கிரைண்டர் கனம், ஆள் வைத்து ஏற்றிவிடுகிறேன். ஆனால் தீர்ப்புக்கு முன்னால் என்னையும் ஒரு வார்த்தை கேட்பார்கள் அல்லவா? என்ன சொல்வது என்று எழுதி எழுதிப் பார்க்கிறேன். 'அவள் இல்லாமல்' என்பதுவரை வருகிறது.

ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.6.2025

ஜெயசித்ரா அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஜெயசித்ரா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மருமகன் வெளியே போய்ச் சிரித்தார், மரியாதைக்காக. விவாகரத்தும் இல்லை, கிரைண்டரும் இல்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கடைசி வரியை முடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். தாளில் இடம் இருந்ததே?

அந்த வக்கீலம்மா வேறு யாருமில்லை. உங்கள் பெரிய முதலாளியின் மகள் சிவரஞ்சனி. இந்தக் கோர்ட்டில்தான் வக்கீல். நாற்காலியில் ஆள் இருந்தால்தானே நீங்கள் விலகுவீர்கள்? உங்களை நம்பினால் ஆள் வரப்போவதில்லை. அதனால் நானே தேடிப் போனேன்.

"எனக்கு ரயிலப் பத்தி என்ன தெரியும் பெரியம்மா?" என்றாள்.

"உங்கண்ணனுக்கு என்ன தெரிஞ்சுது?" என்றேன்.

"கேஸ் நிறைய இருக்கு பெரியம்மா."

"இங்க வரப்புக் கேஸு பேரன் காலத்துக்கும் இருக்கும். உங்கப்பா கம்பெனி ஆடி வரைக்கும்தான் இருக்கும்."

அடுத்த முறை போனபோது மேசைக்கு அடியில் குனிந்து ஏதோ தேடுகிற மாதிரி இருந்தாள். நானும் குனிந்தேன். அதற்கடுத்த முறை, "உங்களுக்கு இதுல என்னதான் லாபம்?" என்று கேட்டாள். "எம் வீட்டுக்காரரு வீடு வந்து சேருவாரு" என்றேன். கறுப்புக் கோட்டோடு அப்படியே சிரித்தாள். "சரி, வாரேன். ஆனா ஒரு நிபந்தனை" என்றாள்.

அது என்ன என்பதை அங்கே வந்து அவளே சொல்வாள். எனக்கு அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆவுடையம்மாள்


ராஜபாளையம்
13.7.2025

அனுப்புநர்:
ஐயாதுரை,
எஞ்சின் ஓட்டிப் பார்ப்பவர்,
குட்டி ரயில் கம்பெனி, ராஜபாளையம்.

பெறுநர்:
மேனேஜர் அம்மா அவர்கள்,
மகள் வீடு, மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: வேலையிலிருந்து விலகுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தாங்கள் நலமா? (ராஜினாமாவில் நலம் விசாரிக்கக் கூடாது என்கிறார் குருவம்மாள் டீச்சர். விசாரிக்காமல் எப்படி எழுதுவது?)

சிவரஞ்சனி அம்மா சென்ற திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கொடியை மடித்து எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன். "அத மேனேஜர்கிட்டக் கொடுங்க" என்றார். "அது யாரும்மா?" என்றேன். "உங்க வீட்டம்மாதான். எதிர்த்தரப்பு வக்கீல்கூட என்னைய இப்படி மடக்கினதில்ல. அவங்க மேனேஜரா வந்தா நான் முதலாளியா வாரேன்னு சொன்னேன். வியாபாரத்த அவங்க பார்க்கட்டும்" என்றார். சமுத்திரம் பச்சைப் பெயின்ட் அடிக்க வேண்டிய இடத்தில் சிவப்பு அடித்துவிட்டான்.

இனிமேல் வெளிநாட்டு ரயில் கிடையாதாம். நம் ஊர் வழியாகப் போகிற ரயிலைத்தான் செய்யப் போகிறோம். ஏறி இறங்குகிறவர்களே வாங்குவார்கள் என்கிறார். ஆடிப்பூரத் தேருக்கு உங்கள் ஊரில் கடை போட்டு நீ விற்கப் போகிறாயாமே. தாங்கள் என்று எழுத வேண்டும், மன்னிக்கவும்.

ஆகவே நாற்காலியில் ஆள் வந்துவிட்டபடியால், முன்பே எழுதிக்கொடுத்தபடி நான் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன். மேசையைத் துடைத்து வைத்துவிட்டேன். இந்தத் தடவை நேராகவே எழுதுகிறேன்: விலக எனக்கு மனம் இல்லை. ஆனாலும் விலகுகிறேன். தாங்கள் வீட்டுக்கு வந்தால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.8.2025

எஞ்சின் ஓட்டிப் பார்ப்பவர் அவர்களுக்கு மேனேஜர் எழுதுவது.

நலம். பதில் தாமதம். தேர்க்கடையில் நிற்கவும் நேரமில்லை, உட்காரவும் நேரமில்லை. கொண்டுபோன ரயில் அத்தனையும் விற்றுவிட்டன. ஒருவர் வந்து, "இதுல உக்கார முடியுமா?" என்று கிண்டல் செய்தார். "உக்கார்ற ரயிலு ஸ்டேஷன்ல நிக்குது. இது ஒம்ம வீட்டுக்கு வர்ற ரயிலு, எத்தன வேணும்?" என்றேன். இரண்டு வாங்கினார். கம்பெனி பிழைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பூட்டு வாங்க வேண்டியதில்லை என்று மட்டும் பெரிய முதலாளியிடம் சொல்லச் சொன்னாள் சிவரஞ்சனி.

உங்கள் ராஜினாமா கிடைத்தது. ஏற்கப்படவில்லை.

காரணம் எழுதுகிறேன். தேருக்கு முன்னால் சரக்குப் பார்க்க ஒருநாள் கம்பெனிக்கு வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது. மேனேஜர் பதில் வரும்வரை ஓட்டிப் பார்க்கும்படி சிவரஞ்சனி சொல்லியிருந்ததால் நீங்கள் மேசைக்கு முன்னால் நின்றீர்கள். விறைப்பாக நின்று விசில் ஊதினீர்கள். ரயில் வளைவு திரும்பி வந்தது. நெருங்கின சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்து இறங்கியதுபோல உங்கள் முகம் விரிந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நம் கல்யாணத்தன்றுகூட இந்த மனிதர் இப்படிச் சிரிக்கவில்லை. அதற்கு வீட்டுக்கு வந்துதான் விளக்கம் கேட்க வேண்டும். உள்ளே வராமல் பஸ் ஏறிவிட்டேன். வேலையில் சேரும் முன்னாலேயே மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

மகள் வீட்டு விசேஷம் என்றால் அன்று ரயில் ஓடாது. இது மேனேஜர் உத்தரவு. வாரம் ஒருமுறை எஞ்சின்களைப் பற்றி எழுத்தில் அறிக்கை தர வேண்டும்.

பதினோராம் தேதி திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பகலில் கம்பெனி, சாயங்காலம் வீடு. வீட்டைக் கூட்டி வையுங்கள்.

ஆவுடையம்மாள்


ராஜபாளையம், நம் வீடு
17.8.2025

மேனேஜர் ஆவுடையம்மாளுக்கு ஐயாதுரை தரும் முதல் அறிக்கை.

நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது.

இந்த வாரம் ஓட்டிப் பார்த்த எஞ்சின்கள் நன்றாக ஓடின. ஒன்று மட்டும் வளைவில் தயங்கியது. சமுத்திரம் சக்கரத்துக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருந்தான். சுரண்டியாயிற்று.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை நீ எல்லோர் பெயரையும் வாசித்து ஆஜர் எடுத்தாய். என் பெயர் வந்ததும் நின்றாய். வாயைத் திறந்தாய், மூடினாய். "அடுத்த ஆளு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். புருஷன் பெயரை எப்படிச் சொல்வாய், பாவம். செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை, "ம்ம்... அவிய" என்றாய். "அவிய வந்தாச்சு மேனேஜர்" என்று சமுத்திரம் கத்தினான்.

வியாழக்கிழமை, தலையைக் குனிந்துகொண்டு, "ஐயாதுரை" என்று சொல்லிவிட்டாய். மெதுவாகத்தான். யாரும் சிரிக்கவில்லை. எழுபது வருஷமாக என்னோடு இருக்கிற பெயர், உன் வாயில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும். "வந்திருக்கேன்" என்று சொல்ல எனக்குத்தான் நேரமாகிவிட்டது. அதற்காக நீ என் பெயருக்கு நேரே 'தாமதம்' என்று எழுதியது நியாயமில்லை. மேனேஜர் அதைத் திருத்த வேண்டும்.

இதை உன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். படித்துவிட்டு அடுப்படியிலிருந்தே பதில் சொல்லாதே, எழுது. நீ எழுதாவிட்டாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே தட்டுக்குப் பக்கத்தில் என் அடுத்த தாள் இருக்கும். அதற்குள் 'ழ'வைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

ஐயாதுரை